பச்சை டிக் விழுந்தும் திரும்பி வந்த போட்டோ

அப்பாவின் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டோ சரியில்லை என்று திரும்பி வந்தது. மற்ற தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. கூடவே ஒரு வரி: தலையின் விளிம்பு இயல்பாக இல்லை, பின்னணி மாற்றப்பட்டிருக்கிறது. படத்தை எடுத்தது நான்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கென்றே இருக்கும் ஒரு செயலியை வைத்து என் கைபேசியில் எடுத்தேன். எடுத்து முடித்ததும் அளவு, முகம், கண், வெளிச்சம், பின்னணி என்று ஐந்து வரிசையிலும் பச்சை டிக் விழுந்தது. அதை நம்பித்தான் அனுப்பினேன்.

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் படம் தேவைப்பட்டது. அப்பாவுக்கு 74 வயது. அப்புறம் என் கணவர், நான், ஐந்து மாத மகள். அப்பாவின் படம் திரும்பிய பிறகு இன்னும் இரண்டு செயலிகளை இறக்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு முகங்களுக்கும் முயன்று பார்த்தேன். மூன்றின் பெயரும் இங்கே தேவையில்லை. மூன்றும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, குறையும் மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. இதே வழியில் போகப்போகிறவர்கள் அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அளவு விஷயத்தில் இந்தச் செயலிகளை நம்பலாம். பாஸ்போர்ட் சைஸ் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உலகம் முழுக்க ஒரே சைஸ் கிடையாது. பல நாடுகள் 35-க்கு 45 மில்லிமீட்டர் கேட்கின்றன. அமெரிக்கா 2-க்கு 2 அங்குலச் சதுரம். கனடா 50-க்கு 70 மில்லிமீட்டர். அந்தப் படத்துக்குள் முகம் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதும் மாறும். 35-க்கு 45 படத்தில் தாடையிலிருந்து உச்சந்தலை வரை 29 முதல் 34 மில்லிமீட்டர் என்கிறது பிரிட்டன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் என்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 32 முதல் 36 மில்லிமீட்டர். இரண்டு கணக்குக்கும் பொதுவான இடம் இரண்டு மில்லிமீட்டர்தான். இதைக் கையால் வெட்டி ஒட்டிச் சரிசெய்வது பெரிய பாடு. செயலியில் நாட்டையும், பாஸ்போர்ட்டா விசாவா என்பதையும் தேர்ந்தெடுத்தால் தாடைக்கும் உச்சிக்கும் கோடு போட்டுத் தானே வெட்டிக் கொடுத்துவிடுகிறது. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். என் படமும் கணவரின் படமும் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.

ஒன்று மட்டும் கவனம். உச்சந்தலை என்று விதிகள் சொல்வது மண்டையின் உச்சியை, முடியின் உச்சியை அல்ல. எனக்குச் சுருட்டை முடி, மேலே உப்பிக்கொண்டு நிற்கும். இரண்டு செயலிகள் முடி முடியும் இடத்தில் கோட்டைப் போட்டு முகத்தைச் சிறிதாக்கிவிட்டன. கோட்டை விரலால் கீழே இழுத்துச் சரிசெய்ய முடிந்தது. நீங்களும் ஒருமுறை பார்த்து இழுத்துவிடுங்கள்.

இப்போது அப்பாவின் படத்துக்கு வருகிறேன். முதல் தடவை அவரை வரவேற்பறையிலேயே உட்கார வைத்து எடுத்தேன். பின்னால் புத்தக அலமாரி, ஒரு காலண்டர். அது பரவாயில்லை, பின்னணியைச் செயலி நீக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். நீக்கவும் செய்தது. ஒரு நொடியில் அலமாரி போய் பின்னால் வெள்ளை வந்தது. திரையில் சின்னதாகப் பார்க்கும்போது அவ்வளவு சுத்தமாக இருந்தது.

விண்ணப்பம் திரும்பிய அன்று இரவு அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவுக்கு முழு நரை, மெல்லிய முடி. உச்சியில் காற்றில் பறப்பது போல நாலு இழை எப்போதும் நிற்கும். அந்த இழைகள் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. வெள்ளை முடி எங்கே முடிகிறது, வெள்ளைப் பின்னணி எங்கே தொடங்குகிறது என்று செயலிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. உச்சியைக் கத்தரிக்கோலால் நறுக்கியது போல வழித்துவிட்டது. இடது காதின் மேல்மடலில் ஒரு துண்டு காணோம். வலது காதுக்குப் பின்னால் புத்தக அட்டையின் பழுப்பு நிறம் ஒரு பிறை போல ஒட்டிக்கொண்டிருந்தது. தோளில் சட்டையின் வெள்ளைக் கோடும் பின்னணியோடு கரைந்து, கழுத்து தனியாக மிதப்பது போல இருந்தது. இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று அப்பாவிடம் சொல்லவே எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஏம்மா, இது என் காது இல்லையே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாஸ்போர்ட்டில் முகப் படம் எதற்கு இருக்கிறது என்று யோசித்தால் அந்த அலுவலகம் ஏன் திருப்பியது என்று புரிகிறது. இப்போதைய மின்னணு பாஸ்போர்ட்டில் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லில் முகப் படம் கட்டாயம் இருக்க வேண்டும், விரல் ரேகை கட்டாயம் இல்லை. ஆக, உலகம் முழுக்கப் பொதுவான அடையாளம் முகம்தான். விமான நிலையத்தில் தானியங்கிக் கதவு முன்னால் நிற்கும்போது அங்குள்ள கேமரா எடுக்கும் படத்தை இந்தச் சில்லில் உள்ள படத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மூக்கு, தாடையின் வளைவு எல்லாம் அப்படியே இருந்தால்தான் அது பொருந்தும். சிரிக்காதே, வாயை மூடு, நேராகப் பார் என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான். பத்து வருடம் செல்லும் ஒரு தாளில் அப்பாவின் காதில் பாதியை வெட்டிவிட்டுக் கொடுக்க நான் யார்?

திருத்தப்பட்ட படங்களை அலுவலகங்கள் இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பேரின் முகத்தைக் கணினியில் கலந்து ஒரே முகமாக்கி, அந்தப் படத்தோடு வாங்கிய பாஸ்போர்ட்டை இருவரும் பயன்படுத்தும் மோசடி இருக்கிறது. இதைத் தடுக்கத்தான் ஜெர்மனியில் 2025 மே 1 முதல் அச்சிட்ட போட்டோவை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற ஸ்டுடியோ பாதுகாப்பான வழியில் நேராக அனுப்ப வேண்டும். மென்பொருள், ஃபில்டர், செயற்கை நுண்ணறிவு எதைக் கொண்டும் படத்தை மாற்றக்கூடாது என்று அமெரிக்கா எழுதியே வைத்திருக்கிறது. நாம் அழகுக்காகவோ அவசரத்துக்காகவோ செய்கிற திருத்தமும் மோசடிக்காரன் செய்கிற திருத்தமும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் இந்தச் செயலிகளில் பின்னணியை நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். முகத்தை மிருதுவாக்கும் பொத்தானையும்தான். சில கைபேசி கேமராக்களிலேயே அந்த அழகுபடுத்தும் வசதி தானாக ஓடிக்கொண்டிருக்கும். என் கணவரின் நெற்றித் தழும்பு முதல் படத்தில் காணாமல் போனதற்கு அதுதான் காரணம். அமைப்புகளுக்குள் போய் அணைத்த பிறகு தழும்பு திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை ஒழுங்காக எடுத்தோம். வெளிர் நிறச் சுவர் ஒன்று, ஆணியோ சுவிட்சோ இல்லாத இடமாகப் பார்த்தோம். அப்பாவைச் சுவரில் ஒட்டி நிற்க வைக்கவில்லை, ஒரு எட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒட்டி உட்கார்ந்தால் தலையின் நிழல் சுவரில் விழும். அந்த நிழல் ஒன்றே படத்தைத் திருப்பப் போதும். ஜன்னல் அவருக்கு எதிரே, எனக்குப் பின்னால். காலை பத்து மணி, நேர் வெயில் உள்ளே விழாத நேரம். பக்கவாட்டு ஜன்னலில் முயன்றபோது ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டது. அதைச் செயலி கண்டுபிடித்துச் சிவப்பு காட்டியது, அதற்கு அதைப் பாராட்ட வேண்டும். ஃபிளாஷ் போடவில்லை. நரை முடிக்காகச் சுவர் தூய வெள்ளையாக இல்லாமல் லேசான சாம்பலாக இருந்தது பெரிய உதவி. எங்களுக்கு வெளிர் நிறம் எதுவும் சரி என்றிருந்தார்கள். அமெரிக்காவுக்கு வெள்ளையோ அதை ஒட்டிய நிறமோதான் வேண்டும், அங்கே இந்தச் சாம்பல் எடுபடாது. சட்டையும் அடர் நீலத்துக்கு மாறியது.

தூரம் ரொம்ப முக்கியம். செல்ஃபி எடுப்பது போலக் கையை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். கைபேசியின் பின்பக்கக் கேமராவை வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, அவர் கண் மட்டத்தில் பிடித்து எடுத்தேன். சுற்றிலும் இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கக் கேமராவில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில கைபேசிகளில் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பதிவாகும். என் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. நான் எனக்கே எடுத்துக்கொண்ட முதல் படத்தில் அது வலது கன்னத்துக்குப் போய்விட்டது. மூன்று செயலிகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. மச்சம் இல்லாதவராக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அப்புறம் என் படத்தைக் கணவர்தான் எடுத்தார்.

அப்பாவின் கண்ணாடியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. கண்ணாடியோடு படம் எடுக்க சில நாடுகள் விடுகின்றன, பளபளப்பு விழக்கூடாது, கண்ணாடியின் பிரேம் கண்ணை மறைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அமெரிக்கா 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியே கூடாது என்றுவிட்டது, மருத்துவக் காரணம் என்றால் மட்டும் விதிவிலக்கு. எங்கள் விண்ணப்பத்தில் அனுமதி இருந்தது. இருந்தும் கழற்றிவிட்டோம். ஜன்னல் எதிரே இருக்கும்போது கண்ணாடியில் ஜன்னலே தெரிந்தது. கழற்றியதும் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம் இருந்ததால் கால் மணி நேரம் பொறுத்து எடுத்தோம். கண்ணாடி இல்லாமல் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அதனால் கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், “அப்பா, என் குரல் வர்ற பக்கம் பாருங்க” என்றேன். முகம் தளர்ந்து இயல்பாக வந்தது. பத்துப் பதினைந்து படம் எடுத்து, கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

“கொஞ்சம்கூடச் சிரிக்கக்கூடாதா?” என்று கேட்டார். பல் தெரியாத லேசான முகமலர்ச்சியை விடுகிற நாடுகள் இருக்கின்றன. ஆனால் உணர்ச்சி காட்டாத முகம் எங்கேயும் மறுக்கப்படாது. அதனால் வேண்டாம் என்றேன். வாயை இறுக்கி மூடாமல் உதடு லேசாகச் சேர்ந்திருந்தால் கோபமாகத் தெரியாது, அது மட்டும் போதும்.

மகளின் படம் இதையெல்லாம்விடப் பொறுமை கேட்டது. ஐந்து மாதக் குழந்தையை யாரும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. தரையில் பாய் விரித்து, அதன்மேல் சுருக்கம் இல்லாத வெள்ளைத் துணி போட்டுப் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுத்தோம். என் நிழலே அவள் மேல் விழுந்தது. ஜன்னலை ஒட்டிப் படுக்க வைத்து, நான் மறுபக்கம் முழங்காலிட்டு எடுத்த பிறகு நிழல் போனது. வாயில் சூப்பான் கூடாது, தலையைத் தாங்கும் கை படத்தில் தெரியக்கூடாது, பொம்மை தெரியக்கூடாது. கைக்குழந்தைக்குப் பல நாடுகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. பிரிட்டனில் ஒரு வயதுக்குள் கண் திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆறு வயதுக்குள் கேமராவையே பார்க்க வேண்டும் என்றும் இல்லை. செயலிகளுக்கு இந்தச் சலுகை தெரியவில்லை. வாய் இம்மி திறந்ததற்கெல்லாம் சிவப்புக் குறி போட்டன. ஒரு செயலி அவள் முகத்தை முகம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. மகள் விஷயத்தில் செயலியின் சோதனையை விட்டுவிட்டு விண்ணப்ப அலுவலகத்தின் விதிப் பக்கத்தை மட்டும் வைத்துச் சரிபார்த்தேன். பசியாறி, தூங்கி எழுந்த அரை மணிக்குள் எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் எடுத்த எழுபது படமும் வீண்.

அச்சிடும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. செயலி 4-க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் 35-க்கு 45 படம் எட்டை அடுக்கிக் கொடுக்கிறது. இது நல்ல வசதி, சாதாரண போட்டோ பிரிண்டாகப் போட்டு வெட்டிக்கொள்ளலாம். முதல் தடவை பிரிண்ட் போட்டு ஸ்கேல் வைத்தால் அகலம் 36 மில்லிமீட்டருக்கும் மேல், உயரம் 46-ஐத் தாண்டியது. தாளின் ஓரத்தில் வெள்ளை விடாமல் அச்சிடும்போது இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. தாளுக்குப் பொருத்து என்ற அமைப்பும் அதே வேலையைச் செய்யும். அளவை மாற்றாமல், உள்ளபடி அச்சிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். எதிரிலேயே ஸ்கேல் வைத்தேன். தாளும் போட்டோ தாளாக இருக்க வேண்டும், சாதாரணத் தாளில் அச்சிட்டதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கனடாவுக்கு என்றால் இந்த வழியே ஆகாது. படத்தின் பின்புறம் எடுத்த ஸ்டுடியோவின் பெயர், முகவரி, தேதி வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும்.

மூன்று செயலிகளிலும் எனக்குப் பிடிக்காத இன்னொன்று, படம் எங்கே போகிறது என்று சொல்லாதது. இணையத்தை அணைத்துவிட்டு மூன்றையும் திறந்து பார்த்தேன். ஒன்று மட்டும் கைபேசிக்குள்ளேயே வெட்டிக் கொடுத்தது. மற்ற இரண்டும் இணையம் இல்லாமல் அசையவில்லை, என் மகளின் முகம் எங்கேயோ ஒரு கணினிக்குப் போய் வருகிறது என்றுதான் தோன்றியது. அதன் பிறகு அந்த இரண்டையும் நீக்கிவிட்டேன். இணையம் இல்லாமல் வேலை செய்த அந்த ஒன்றைத்தான் இப்போதும் வைத்திருக்கிறேன், வெட்டவும் அடுக்கவும் மட்டும்.

நான் முதலில் பயன்படுத்திய செயலி உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் ஏற்கப்படாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்பதுதான் அதன் பொருள். கேட்டேன், திருப்பித் தந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அப்பாவின் விண்ணப்பம் மூன்று வாரம் பின்னால் போனது. அவர் அக்காவைப் பார்க்கப் போக வேண்டிய பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அத்தைக்கு 80 வயது. ஒவ்வொரு வாரமும் போன் செய்து, “பாஸ்போர்ட் வந்துச்சாப்பா?” என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பின்னணியை நீக்கும் வசதியைத் தொடும்போதே, பல நாடுகளில் திருத்திய படம் மறுக்கப்படும் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள் என்று கேட்டேன். வெட்டிய பிறகு முடி ஓரத்தையும் இரண்டு காதுகளையும் பெரிதாக்கிக் காட்டி, இது சரியா என்று பயனரிடமே கேளுங்கள் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது படம் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டது. பாஸ்போர்ட் வந்த அன்று அப்பா முதல் பக்கத்தைத் திறந்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். சாம்பல் சுவருக்கு முன்னால் அந்த நாலு நரை இழைகளும் நின்றுகொண்டிருந்தன. இரண்டு காதுகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டார்.